சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

ரசிகர்களில் எத்தனையோ வகை உண்டு. யாருக்கு ரசிகர் என்றே தெரியாமல் ரசிகராக இருந்தது அநேகமாக நாங்கள் மூன்று பேராகத்தான் இருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு கோஷ்டி ஆரம்பித்தோம். ஒரே ஒரு வெள்ளைக்காரக் குழுவின் பாட்டுகளை மட்டும் வாசிப்பது, அதையும் அச்சு அசலாக வாசிப்பது என்பது எங்கள் கொள்கை. அந்தக் குழுவின் பெயர் எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் கேட்ட கேசட் கடையநல்லூரில் இருந்த ஒரு பாயுடையது. சவுதியில் வேலை பார்த்து, விசா முடிந்து ஊருக்கு வந்து, அடுத்த விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கேசட்டின் மேல் பேனாவால் அரபியில் ஒரு வரி எழுதியிருந்தது. குழுவின் பெயராகத்தான் இருக்கும் என்று நாங்கள் ஆவலாக நிற்க, அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "இங்கிலீஷ் பாட்டுன்னு போட்டிருக்கு" என்றார்.

மூன்று பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் கிடார், பகலில் பத்திர எழுத்தர் ஒருவரிடம் குமாஸ்தா. டிரம்ஸ் அடித்தவன் என்னோடு பள்ளியில் படித்தவன், கல்யாண பேண்டு செட்டில் அடித்து அடித்துக் கை முறுக்கேறியவன். பாடினவர் டுடோரியல் காலேஜ் இங்கிலீஷ் வாத்தியார். அவருக்கு அந்த வெள்ளைக்காரர்களின் இங்கிலீஷ் மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது. "கிராமர் படிக்காம பாட வந்துட்டானுவ" என்று அலுத்துக்கொண்டு, திருத்தித்தான் பாடுவார். பேஸ் கிடார் என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. பாயின் டேப் ரிக்கார்டரில் அது கேட்கவில்லை.

கேசட்டை பாய் வெளியே தரமாட்டார். "நம்ம செட்டுல போட்டாத்தான் நாடா சிக்காது. இங்கன வந்து எம்புட்டு வேணும்னாலும் கேளுங்க" என்றார். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் கடையநல்லூருக்கு பஸ் ஏறினோம். நெசவாளர் தெரு அது. இரண்டு பக்கமும் தறிச்சத்தம். அவர் வீட்டு முன்னறையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டு, ஒரே பாட்டைப் பதினைந்து தடவை போடச் சொல்வோம். பாய் முகம் சுளித்ததே இல்லை. விசாவுக்குக் காத்திருப்பவருக்கு வேறு என்ன வேலை.

பத்திரம் எழுதிப் பழகிய கை என்பதால் பாட்டையும் நான் அப்படித்தான் எழுதி வைப்பேன். 'மேற்படி கம்பியை மூன்றாம் கட்டத்தில் அழுத்தி, அங்கிருந்து ஐந்தாம் கட்டத்துக்கு வழிநடைப் பாத்தியத்துடன் சென்று திரும்பவும்.' டிரம்ஸ்காரன் அதைப் படித்துவிட்டு, "இதுக்கு சாட்சிக் கையெழுத்து யாருலே போடணும்?" என்று கேட்டான்.

நாலாவது பாட்டில் ஒரு குதி உண்டு. எப்போதோ நாடா அறுந்து, பாய் செல்லோ டேப் போட்டு ஒட்டிய இடம். பாட்டு அங்கே ஒன்றரை வரியைத் தாண்டிப் போய் விழும். அச்சு அசல் என்றால் அச்சு அசல்தான். நாங்களும் மூன்று பேருமாக அந்த இடத்தில் வாய்க்காலைத் தாண்டுவதுபோல் தாண்டப் பழகினோம். டிரம்ஸ்காரனுக்கு இன்னொரு சங்கடம். டிரம்மோடு கூடவே தடக்குத் தடக்கு என்று ஒரு மரச்சத்தம் வந்துகொண்டிருந்தது. தாளத்தில் சேர்ந்ததுபோலவும் இருக்கும், சேராததுபோலவும் இருக்கும். "ஒருத்தன் அடிக்கிற அடி இல்லலே இது. இவனுக்கு நாலு கை" என்று வியந்துபோய், ஒரு பலகைப் பெட்டியை இடது காலால் உதைத்து உதைத்து அதையும் ஆறு மாதத்தில் பிடித்துவிட்டான்.

எல்லாம் பிடிபட்டது. கிடார் சத்தம் மட்டும் பிடிபடவில்லை.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வேன். நாங்கள் கேட்டு வளர்ந்த மெல்லிசைக் கச்சேரிகளில் கிடார் என்றால் டிங் டிங் என்று மரியாதையாக நடந்துகொள்ளும். இது கோணிச் சாக்கை ஒரே இழுப்பில் கிழிப்பதுபோல் இருந்தது. கரகரப்பு முழுவதும் பாட்டாக இருந்தது. முதல் தடவை கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. வாத்தியார் பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது, நாலு பேர் முன்னால், இந்தச் சத்தத்தை என் கையால் வரவழைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என்னிடம் இருந்தது நாகர்கோவில் சர்ச்சில் வாசித்த ஒருவரிடம் பழசாக வாங்கிய கல்கத்தா எலெக்ட்ரிக் கிடார். அதை வீட்டு ரேடியோவில் சொருகினேன். செய்தி நேரத்தில் புகை வந்தது, அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கம்பிகளுக்கு நடுவே பஸ் டிக்கெட்டைச் செருகினேன். ஒரு கம்பிக்குப் பதில் சைக்கிள் பிரேக் ஒயரில் ஓர் இழையை மாட்டினேன். அது அறுந்து தாடையில் கோடு போட்டதுதான் மிச்சம். "கிடாருல என்னப்பா கரகரன்னு கேக்குது, ரிப்பேருக்குக் குடுக்கலாம்லா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். கரகரப்பு போதவில்லையே என்றுதானே நான் சாகிறேன்.

கடைசியில் அந்தச் சத்தம் குத்துக்கல்வலசையில் ஒரு கல்யாண வீட்டில் கிடைத்தது. டிரம்ஸ்காரன் பேண்டு செட்டோடு வந்திருந்தான், நானும் கிடாரோடு ஒட்டிக்கொண்டேன்.

அங்கே மைக் செட் போட்டிருந்தவர் தென்காசியிலேயே பேர்போன அண்ணாச்சி. டிரம்ஸ்காரனின் அக்காவைக் கட்டியவர், ஆகவே அவனுக்கு அத்தான். வயது நாற்பதுகூட இருக்காது, கர்வம் மட்டும் நூறு வயதுக்கு இருக்கும். கர்வத்துக்குக் காரணமும் உண்டு. அவர் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் அரை மைலுக்கு அப்பால் வயலில் நிற்பவன் வில்லுப்பாட்டின் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லுவான். "உள்ளது உள்ளபடி வரணும். கூட்டவும் கூடாது, கொறைக்கவும் கூடாது. தண்ணி மாதிரி இருக்கணும்" என்பார். அவரிடம் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள். ஒன்று புதுசு. மற்றது மாமனார் சீதனமாகக் கொடுத்த பழைய வால்வு செட். அதன் குமிழில் ஏழாம் நம்பரில் நகப்பாலிஷால் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கோட்டை அவரும் தாண்டியதில்லை, வேறு யாரையும் தாண்ட விட்டதில்லை.

அவர் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் கிடாரைப் பழைய செட்டில் சொருகி, குமிழைக் கோட்டைத் தாண்டிப் பத்து வரை திருப்பி, ஒரே ஒரு தட்டுத் தட்டினேன்.

வந்துவிட்டது. அதே சத்தம், அதே கோணிச் சாக்கு! டிரம்ஸ்காரன் பந்தலுக்கு வெளியிலிருந்து ஓடிவந்தான். அவனுக்கு முன்னால் அண்ணாச்சி, சாம்பார் கையோடு, பாதி இலையில் எழுந்து ஓடிவந்தார்.

"எவம்லே அது? கோட்டுக்கு அங்கிட்டுத் திருப்புனது எவன்?"

"அண்ணாச்சி, இந்தச் சத்தந்தான் நாங்க ஒரு வருசமாத் தேடுதோம்."

"சத்தமாலே இது? சவம், செட்டு செத்துப்போச்சோன்னு ஈரக்கொல நடுங்கிட்டு எனக்கு. கோட்டிக்காரப் பயலே!" சாம்பார் கையாலேயே குமிழைத் திருப்பினார். வெகுநாள் அந்தக் குமிழில் சாம்பார் மணம் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் பின்னால் அலைந்ததுதான் எங்கள் தொழில். குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு சங்கத்தார் தினமும் சாயங்காலம் கலை நிகழ்ச்சி நடத்துவார்கள். வாத்தியாரிடம் படித்த ஒருவனின் அப்பா அதில் செயலாளர். ஒரு சனிக்கிழமை அரை மணி நேரம் எங்களுக்கு என்று முடிவாயிற்று. மேடைக்கு மைக் செட் அண்ணாச்சிதான். பாடுகிற மைக்குக்குப் புது செட். கிடாருக்குப் பழைய செட், அதுவும் பத்தில். இதுதான் எங்கள் கோரிக்கை.

"அந்த வெள்ளக்காரன் செட்டுலயும் கோளாறு இருந்திருக்கும்லா?" என்று கேட்டார் அண்ணாச்சி. "ரிப்பேருக்கு ஆள் கெடைக்காம அப்படியே வாசிச்சிருப்பான். நீங்க அதப் போயி அசல்னு நெனச்சிட்டுத் திரியுதிய."

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அண்ணாச்சிக்கு உலக சங்கீதம் தெரியாது என்று எங்களுக்கு ஓர் இளக்காரம். நான் அவர் காலில் விழாத குறையாகச் சொன்னேன்: "பாட்டே அப்படித்தான் அண்ணாச்சி. சத்தியமா. உள்ளது உள்ளபடி வரணும்னு நீங்கதான சொல்லுவிய?"

அவர் கொள்கையாலேயே அவரை அடித்துவிட்டேன். போதாததற்கு அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து, "எங்க அய்யா வாங்கிக் குடுத்த செட்டுதான? தம்பி ஆசப்பட்டா ஒரு நாளக்கிக் குடுத்தா என்ன?" என்றார். அண்ணாச்சி சம்மதித்தார். இரண்டு நிபந்தனைகள் போட்டார். நாங்கள் வாசிக்கிற அரை மணி நேரம் மேடையில் அவர் பெயர் எழுதிய தகரப் போர்டு இருக்காது. யாராவது கேட்டால் கிடார் செட் அவருக்குப் போட்டியான செங்கோட்டைக்காரனுடையது என்று சொல்ல வேண்டும். "ஊரு ஊராப் போயி சேத்த பேருலே இது. அடுத்த மாசம் ஆய்க்குடிக் கோயில் கொட இருக்கு. பாத்து நடந்துக்கிடுங்க" என்றபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. பத்து கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள், கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று லீவு போட்டுவிட்டுக் கடையநல்லூர் போனோம். வெள்ளிக்கிழமை. பாய்க்கு வாயெல்லாம் பல். விசா வந்துவிட்டது. போகுமுன் வீட்டில் எல்லாவற்றையும் சரிசெய்து வைக்கிறவர், டேப் ரிக்கார்டரையும் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ஸ்பீக்கர் மாற்றி வந்திருந்தார்.

"எம் மவ பென்சிலக் குத்தி ரெண்டும் கிழிஞ்சில்லா கெடந்துது. இத்தன நாளு நீங்க பொறுத்துக் கேட்டதே பெரிசு" என்று சொல்லி, முதல் பாட்டைப் போட்டார்.

கிடார் டிங் டிங் என்று வந்தது. கழுவி வைத்த வெண்கலப் பாத்திரம் மாதிரி பளிச்சென்று வந்தது. அதில் கரகரப்பு மருந்துக்குக்கூட இல்லை.

டிரம்ஸ்காரன் ஈனஸ்வரத்தில், "பாய், அந்த மரச்சத்தம் எங்க?" என்று கேட்டான்.

"எந்த மரச்சத்தம்?"

அவன் தரையில் இடது காலால் உதைத்துக் காட்டினான். தடக்குத் தடக்கு.

"அட, அது பக்கத்து வீட்டுத் தறில்லா. இன்னைக்கு வெள்ளிக்கெழம, தறி லீவு."

வெள்ளைக்காரர்கள் வாசித்தது பாதி, கடையநல்லூர் வாசித்தது பாதி. நாங்கள் ஒரு வருடமாக இரண்டையும் சேர்த்து அச்சு அசலாக வாசித்துக்கொண்டிருந்திருக்கிறோம். பாய்க்கு இது எதுவும் தெரியாது. எங்கள் முகத்தைப் பார்த்து, தான் ஊரைவிட்டுப் போவதால் வருத்தப்படுகிறோம் என்று நினைத்து எங்களுக்கு ஆறுதல் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாத்தியார், "அண்ணாச்சிகிட்ட சொல்லிரணும். நாம சத்தியம் பண்ணிருக்கோம்" என்றார்.

"சொன்னா கோட்டத் தாண்ட விடுவாரா?"

"விடமாட்டாரு. டிங் டிங்னு வாசிச்சிட்டுப் போவோம்."

எனக்கு வந்ததே கோபம். டிங் டிங் என்று வாசிக்கவா நான் அப்பாவின் ரேடியோவைக் கொளுத்தினேன்? அசல் எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு வேண்டியது அந்தச் சத்தம். கத்திவிட்டேன், கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். டிரம்ஸ்காரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "ஆறு மாசம் உதைச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னான். அண்ணாச்சியிடம் சொல்வதில்லை என்று ஆயிற்று. அன்றைக்கு நான் செய்தது அயோக்கியத்தனம். அது அப்போதே எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் குற்றாலத்தில் நல்ல சாரல். அருவியில் குளித்துவிட்டு வந்த கூட்டம், தலையில் ஈரத் துண்டும் கையில் பஜ்ஜியுமாக மேடைக்கு முன்னால் நின்றது. ஈரத்தில் கிடார் கம்பியைத் தொட்டால் ஷாக் அடித்தது; அண்ணாச்சி எனக்கு ஒரு பலகையும் ரப்பர் செருப்பும் கொடுத்தார். எங்களுக்கு முந்தின கரகாட்டம் முடிந்ததும் அவரே ஏறி, தன் தகரப் போர்டை அவிழ்த்து, எழுத்து தெரியாமல் கவிழ்த்து மேஜைக்கு அடியில் வைத்தார். பிறகு பழைய செட்டின் குமிழைப் பிடித்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, பத்துக்குத் திருப்பினார்.

முதல் பாட்டு. தட்டினேன். வந்தது. சாரலில் நனைந்து ஸ்பீக்கர் காகிதம் இன்னும் தளர்ந்திருக்க வேண்டும். கல்யாண வீட்டில் வந்ததைவிட அருமையாக வந்தது. டிரம்ஸ்காரன் தறியை உதைத்தான். நான் அந்த இரண்டு நிமிடம் இருந்ததுபோல் சந்தோஷமாக என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

"ஏலே, ஸ்பீக்கரு கிழிஞ்சிட்டுலே!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "செட்டுக்காரன் எங்கப்பா?" என்று இன்னொருவன். காதைப் பொத்திக்கொண்டார்கள். பாட்டு முடியும்போது மேடைக்குப் பக்கத்தில், அண்ணாச்சியின் மேஜையருகே ஒருவர் வந்து நின்றார். ஆய்க்குடிக் கொடைக் கமிட்டிக்காரர். எனக்கு நாலடி தூரம்தான், எல்லாம் கேட்டது.

"என்ன அண்ணாச்சி, இது ஒங்க செட்டா?"

செங்கோட்டைக்காரன் செட் என்று அவர் சொல்லியிருக்கலாம். அவரே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பொய்தான் அது. அவருக்கு வாய் வரவில்லை.

"எஞ் செட்டுதான்."

"அப்ப கொடைக்கு வேற ஆளத்தான் பாக்கணும் போலிருக்கு."

"செட்டுல கோளாறு இல்ல. பாட்டே அப்படித்தான்" என்றார் அண்ணாச்சி. கூசிக் குறுகித்தான் சொன்னார், ஆனால் சொன்னார். "உள்ளது உள்ளபடி வாசிக்காங்க. தம்பி சத்தியம் பண்ணிருக்கான்."

எனக்கு அந்த நேரத்தில் கம்பி ஷாக் அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டாவது பாட்டுக்கு டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கிவிட்டான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். வாத்தியாரைத் தள்ளிவிட்டு மைக் முன்னால் போய் நின்றேன்.

"எல்லாரும் மன்னிக்கணும். இந்த செட்டுல ஒரு கோளாறும் இல்லை. தென்காசியிலேயே தெளிவான செட் இதுதான். பாட்டும் அப்படி இல்லை. நாங்க கேட்ட டேப் ரிக்கார்டர்ல ஸ்பீக்கர் கிழிஞ்சிருந்துது. நேத்துதான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் அண்ணாச்சிகிட்ட மறைச்சிட்டேன். சத்தத்தைக் கெடுக்கிறது நான்தான். அவரு இல்லை."

மரத்தில் கட்டியிருந்த குழாய்களில், புது செட் வழியாக, என் ஒப்புதல் வாக்குமூலம் தண்ணீர் மாதிரித் தெளிவாகப் போயிற்று. பஜ்ஜிக் கடைக்காரர்கூடச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கமிட்டிக்காரர் குழாயை அண்ணாந்து பார்த்து, "ஒவ்வொரு சொல்லும் சுத்தமாத்தான கேக்கு" என்றார்.

அண்ணாச்சி எழுந்தார். மேஜைக்கு அடியிலிருந்து போர்டை எடுத்துத் துடைத்தார். மேடையில் ஏறி, மைக்குக்கு நேர் பின்னால், நன்றாகத் தெரிகிற இடத்தில் இழுத்துக் கட்டினார். பிறகு பழைய செட்டுக்கு வந்து குமிழில் கையை வைத்தார். ஏழுக்குப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது குமிழ் பத்திலேயே இருந்தது.

"வாசிச்சுத் தொல" என்றார். "இனி எவனும் என்னையச் சொல்ல மாட்டான். உன்னையத்தான் சொல்லுவான்."

மற்ற பாட்டுகளையும் வாசித்தோம். நாலாவது பாட்டில் வாய்க்காலைத் தாண்டினோம். கூட்டம் சிரித்துக்கொண்டே கேட்டது. சிலர் ஆடவும் செய்தார்கள். ஆய்க்குடிக் கொடை அண்ணாச்சிக்கே கிடைத்தது. எங்களை அதற்குப் பிறகு யாரும் எங்கேயும் கூப்பிடவில்லை.

ஏழெட்டு வருடம் கழித்து நான் மெட்ராஸில் வேலையில் இருந்தேன். ஒரு கேசட் கடை வாசலில் அந்தப் பாட்டு கேட்டது. நாலாவது பாட்டு. நின்றுவிட்டேன். குதிக்க வேண்டிய இடத்தில் அவர்கள் குதிக்காமல் சாவகாசமாக நடந்து போனார்கள். எனக்குத்தான் கால் இடறியது. கீழ்ஸ்தாயியில் கும்கும் என்று நாலாவதாக ஓர் ஆள் வேறு வாசித்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்க் குழுவின் பெயரைக் கேட்கவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். டிரம்ஸ்காரன் அப்போது அத்தானோடு மைக் செட் கடையில் இருந்தான்.

"ஏலே, நம்ம பாட்ட இங்கன போடுதான்" என்றேன்.

"தறி இருக்கா?"

"இல்ல."

"அப்ப அது வேற யாரோலே" என்றான் அவன். அதற்குள் போன் கைமாறியது. அண்ணாச்சி.

"கிடாரு எப்படி இருக்குலே?"

"தண்ணி மாதிரி இருக்கு அண்ணாச்சி. நீங்க சொன்னதுபோலத்தான்."

அந்தப் பக்கம் கடைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"நம்ம சத்தந்தாம்லே நல்லாருந்துது. வெளிய யாருட்டயும் சொல்லிராத. ஆய்க்குடிக் கொட வருது."